கொடியேற்றத்துக் கச்சான்



ஜமாதுல் ஆகிர் பிறை கண்டுவிட்டால் எங்கள் கல்முனைக்குடிப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் மனம் நிற்காது. கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பேரால் கொடி ஏறும். அன்றிலிருந்து பன்னிரண்டு நாளைக்குப் பள்ளியைச் சுற்றியும் மணலிலும் கடைகள்தான். எந்த வீட்டுக்குள் போனாலும் ஒரே கேள்வி: "கொடிக்கு எப்ப போற?"

கொடியேற்றத்தைப் பற்றி நம்மவர்களுக்குள் இரண்டு கருத்து இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதை உலமாக்கள் பேசட்டும். நாங்கள் எழுத வந்தது அந்தக் கடைகளில் விற்கும் சாப்பாட்டைப் பற்றி. இதிலே கருத்து வேறுபாடு இருக்காது என்று நம்புகிறோம். கொடி வேண்டாம் என்று சொல்கிற வீடுகளுக்கும் மஸ்கட் பார்சல் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

நாங்கள் மூன்று பெண்பிள்ளைகள். ராத்தா, தங்கச்சி, நடுவில் பிறந்த பாவத்துக்கு எல்லோரையும் ஒன்று சேர்க்கிற வேலையுள்ள டீச்சர். நம் ஊர் வழக்கப்படி மூன்று வீடும் ஒரே வளவுக்குள். மூன்று வீட்டுக்கும் பொதுவாக ஒரு உம்மா. மச்சான்மார், பிள்ளைகள் எல்லாம் சேர்ந்தால் பன்னிரண்டு பேர். கொடிக்குப் போவதென்றால் இரண்டு ஓட்டோ, ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு பாய், ஒரு போத்தல் தண்ணீர், ஒரு ஐயாயிரம் ரூபாய்த் தாள். அந்தத் தாள் முடியும் வரைதான் விளையாட்டு.

அந்த ஐயாயிரத்தின் கதையையும் சொல்ல வேண்டும். 2022 கடைசியில் கொடி வந்தபோது நாட்டின் நிலைமை நினைவிருக்கும். அந்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் வரை போனது. எளிதாகச் சொன்னால், போன வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு இந்த வருடம் நூற்றுத் தொண்ணூற்றைந்து. மாவுக்கும் சீனிக்கும் காஸுக்கும் ஆளாளுக்கு ஓடிய காலம். அந்தக் கொடிக்குக் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கை கச்சான் கொடுத்துவிட்டு வந்தோம். 2024 முடியும்போது பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே இறங்கிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் பூச்சியத்துக்குக் கீழே என்றால் விலை முந்திய வருடத்தைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றுதான் அர்த்தம். ஏறிப் போன விலையில் பெரும்பங்கு ஏறிய மரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கொடிக்கடையில் நின்று இதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினால் ஒரே நாளில் பொருளியல் படித்துவிடுவார்கள்.

2024 டிசம்பர்க் கொடியைப் பற்றித்தான் எழுதுகிறோம். நமது மாதங்கள் பிறைக் கணக்கு. சூரியக் கணக்கைவிட வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் குறைவு. அதனால் கொடி ஒவ்வொரு வருடமும் பத்து நாள் முன்னுக்கு நகரும். ஏறத்தாழ 33 வருடத்தில் எல்லாக் காலத்தையும் சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கு வரும். 2004இல் கொடி ஜூலையில் வந்தது. நல்ல கச்சான் காற்றுக் காலம். மணல் சுடும், ஐஸ்பழம் கரைந்து முழங்கையில் ஒழுகும். 2024இல் டிசம்பர் முதல் வாரம். நவம்பர் கடைசியில் பெய்த மழையில் அம்பாறை மாவட்டமே தண்ணீருக்குள் நின்றது. உயர்தரப் பரீட்சையை நடுவில் நிறுத்தி டிசம்பர் 4இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். மாவடிப்பள்ளியில் வெள்ளம் கொண்டுபோன மத்ரஸாப் பிள்ளைகளின் துக்கம் எந்த வீட்டிலும் ஆறியிருக்கவில்லை. அல்லாஹ் அந்தப் பிள்ளைகளைப் பொருந்திக்கொள்வானாக. அப்படியொரு ஈரமான நாளில்தான் கடைக்காரர்கள் பொலித்தீன் கூரையைக் கட்டி, நனைந்த மணலில் பலகை போட்டு அடுப்பை மூட்டினார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம்.

முதல் வரிசை இனிப்புக் கடைகள். தொதல், மஸ்கட், பூந்தி, லட்டு, பேரீச்சம்பழம். மஸ்கட் என்றதும் ஓமான் நாட்டுத் தலைநகரைத்தான் நினைப்போம். ஓமான்காரர்களின் அல்வாவும் மாப்பொருளும் சீனியும் நெய்யும் கிளறிச் செய்வதுதான், சொந்தம் விளங்குகிறது. மஸ்கட் செய்வது லேசான வேலையில்லை. கோதுமை மாவைப் பிசைந்து உருண்டையாக்கித் தண்ணீருக்குள் போட்டுக் கசக்கவேண்டும். வெள்ளையாகப் பால் இறங்கும். ரப்பர் மாதிரி மிஞ்சுகிற சக்கையை ஒதுக்கிவிட்டு, பாலைத் தெளியவைத்து, மேல்தண்ணீரை ஊற்றி, அடியில் இருப்பதைச் சீனியோடு கிளறத் தொடங்கினால் கை ஓயக்கூடாது. நெய் விட்டு விட்டுக் கிண்ட, கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு வரும். பிறகு கஜுவைத் தூவித் தட்டில் ஊற்றி ஆறவிடுவார்கள். தொதலும் அப்படித்தான். அரிசிமா, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றையும் எண்ணெய் கக்கும் வரை கிண்டவேண்டும். ஒரு துண்டை வாய்க்குள் போடும்போது அதற்குப் பின்னால் யாருடைய தோளோ வலித்திருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பேரம் பேசுகிற ஆசை தானாகக் குறையும்.

அடுத்தது கொத்துரொட்டிக் கடைகள். கண்ணை மூடிக்கொண்டு போனாலும் அந்தத் தகட்டுச் சத்தம் வழிகாட்டும். மச்சான்மார் மூவரும் அங்கேதான் காணாமல் போவார்கள். இறால் வடை, அவித்த சோளன், மரவள்ளிப் பொரியல், மிளகாய்த்தூள் போட்ட மாங்காய், அன்னாசி, சர்பத், இஞ்சிப் பிளேன்டீ. எங்கள் ராத்தாவுக்கு ஒரு சட்டம் உண்டு: "கண்ணுக்கு முன்னால பொரிக்கிறதத் தின்னலாம். பொரிச்சு வெச்சதத் தின்னக்கூடாது." சுகாதாரப் பாடத்தில் நாங்கள் ஒரு மணி நேரம் படிப்பிக்கிற விஷயத்தை அவர் இரண்டு வரியில் முடித்துவிடுவார்.

பஞ்சு முட்டாய்க்காரரின் பக்கத்தில் எங்கள் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் நின்றான். எங்களைக் கண்டதும் "டீச்சர்!" என்று ஒரு கையைத் தூக்கி, மறு கையால் மிச்சக் காசு எண்ணிக்கொண்டிருந்தான். அது அவனுடைய மாமாவின் மெஷின். மூன்று பெரியது, இரண்டு சின்னது, ஆயிரம் ரூபாய்த் தாளுக்கு மிச்சம் எவ்வளவு என்று கண் மூடித் திறப்பதற்குள் சொல்கிறான். வகுப்பில் பின்னக் கணக்கென்றால் கொட்டாவி விடுகிற பிள்ளை. அவனுக்கு ஒரு கதை சொன்னோம். இந்தப் பஞ்சு முட்டாய் மெஷினை 1897இல் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் அமெரிக்காவில் வில்லியம் மொரிசன் என்கிற பல் வைத்தியர். மற்றவர் ஜோன் வார்ட்டன் என்கிற இனிப்புக்காரர். 1904இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு பெட்டி 25 சதத்துக்கு 68,655 பெட்டிகள் விற்றார்கள். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப டீச்சர், பல்லுப் பழுதாகினா அவருக்கிட்டயேதானே போகணும்?" என்றான். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். தமிழ்நாட்டில் 2024 பெப்ரவரியில் பஞ்சு முட்டாயைத் தடை செய்தது ரோடமின் பி என்கிற துணிக்குப் போடும் சாயத்தைக் கலந்ததற்காக. அதையும் சொல்லிவைத்தோம். மாமா வெள்ளையாகவே ஒன்று சுற்றித் தந்தார். பிள்ளைகளுக்கு வெள்ளையில் ஆசை இல்லை. இருந்தாலும் தின்று முடித்தார்கள்.

இனி உம்மாவைப் பற்றி.

எங்கள் உம்மா 2004க்குப் பிறகு கடற்கரைக்கு வந்ததில்லை. அந்த வருடம் ஜூலைக் கொடிக்கு அவரும் சாச்சியும் ஜோடியாகப் போனார்கள். சாச்சியின் வீடு கடலோரம். டிசம்பர் 26, போயா தினம், ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை தாண்டிய நேரம். சாச்சியும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் போனார்கள். பெரிய பிள்ளையின் ஜனாஸா கடைசி வரை கிடைக்கவில்லை. சுனாமி இலங்கையில் மிக அதிகமான உயிர்களை எடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான். இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேருக்கு இப்படி ஒரு பெயர்ப் பட்டியல் மனதுக்குள் இருக்கும். அதனால் இதைக் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

உம்மா கடலைப் பற்றிக் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. மீன் வாங்குவார், ஆய்வார், ஆணம் காய்ச்சுவார். கடற்கரைக்கு மட்டும் கால் எடுத்து வைக்கமாட்டார். இருபது வருடமாகக் கொடிக் காலத்தில் அவர் வாசலில் நின்று எங்களை அனுப்புவார். நாங்கள் திரும்பி வரும்போது மஸ்கட் ஒரு துண்டு, கச்சான் ஒரு சுருள் என்று பார்சல் கொண்டுவருவோம். அதை வாங்கி ஒரு தகரப் பேணிக்குள் போட்டு வைத்து, மறுநாள் பேரப்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார். தன் வாய்க்குள் போட்டதை நாங்கள் யாரும் கண்டதில்லை. கேட்டால் "எனக்குச் சீனி வருத்தம் புள்ள" என்பார். கச்சானில் எங்கே சீனி இருக்கிறது?

இந்தக் கொடியின் ஆறாம் நாள், அஸர் தொழுதுவிட்டு வந்து, "இண்டைக்கி நானும் வாறன். அபாயாவ அயன் பண்ணித் தாங்க" என்றார். காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தங்கச்சி அயன் பண்ண ஓடினாள். ராத்தா சத்தமில்லாமல் குளிசைப் பெட்டியையும் ஒரு சால்வையையும் பைக்குள் வைத்தார்.

ஓட்டோவால் இறங்கியதும் உம்மா கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். கடல் இரைகிற சத்தத்தைக் கொத்துரொட்டிச் சத்தம் பாதி மூடியிருந்தது. சின்னப் பேரன் அவருடைய விரலைப் பிடித்து இழுத்தான். "உம்மம்மா, வாங்க, இங்கால வாங்க." நடந்தார். இனிப்புக் கடையில் நின்று மஸ்கட்டைப் பார்த்து, "அந்தக் காலத்துல இதவிட இறுக்கமா இரிக்கும்" என்றார். சோடாப் போத்தலில் 2016இலிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போடுகிறார்கள், எவ்வளவு சீனி என்று பார்த்துக் குடிப்பதற்கு. மஸ்கட்டில் வட்டம் போட்டால் கடை முழுதும் சிவப்பாகத்தான் இருக்கும் என்று பகிடி விட்டோம். "அப்ப ஒரு விரல் அளவு வெட்டச் சொல்லுங்க" என்றார். வெட்டினார்கள். கடை வாசலிலேயே நின்று, முக்காட்டை ஒரு பக்கம் இழுத்துவிட்டுச் சாப்பிட்டார். நெய் ஒட்டிய விரலை மெதுவாக நக்கினார். ஒரு நிமிடம்கூட இருக்காது. எங்கள் தங்கச்சி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு கச்சான்.

கச்சான் வறுக்கிறவர்களில் கனபேர் தமிழ்ப் பெண்கள். இவர்களுக்குப் பள்ளிக் கொடியும் கோயில் திருவிழாவும் ஒன்றுதான். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். பாண்டிருப்புத் தீமிதிப்பில் நாங்கள் கச்சான் வாங்குவதும் அவர்களிடம்தான். பெரிய இரும்புச் சட்டியில் மணலைச் சூடாக்கி, அதற்குள் கச்சானைக் கொட்டி அகப்பையால் கிளறிக்கொண்டே இருப்பார்கள். வெறும் சட்டியில் வறுத்தால் தொட்ட இடம் கருகி, தொடாத இடம் பச்சையாக இருக்கும். மணல் கச்சானை நாலாபக்கமும் மூடிக்கொண்டு ஒரே அளவாகச் சூடு கொடுக்கும். அரித்தட்டில் அள்ளி ஒரு குலுக்குக் குலுக்கினால் மணல் கீழே, கச்சான் மேலே. சுண்டில் அளந்து காகிதச் சுருளுக்குள் கொட்டுவார்கள். அந்தச் சுருள் அனேகமாகப் பிள்ளைகளின் பழைய கொப்பித் தாளாக இருக்கும். எங்கள் தொழிலுக்கு அதைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. கச்சானைத் தின்று முடித்ததும் கணக்கு சரியா பிழையா என்று பார்க்கிற வருத்தம் எல்லா ஆசிரியர்களுக்கும் உண்டு.

"வாங்கம்மா, சூட்டோட இருக்கு" என்று கூப்பிட்டவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். உம்மா "ஒரு சுண்டு" என்றார். அவர் சுண்டைக் கையில் எடுத்தவர் நிறுத்திவிட்டு உம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"உங்களக் கண்ட முகமாக் கிடக்கு. நீங்க ரெண்டு பேரா வாறவங்க அல்லவா? ஒரு சுண்ட ரெண்டு சுருளாப் பிரிக்கச் சொல்லி, என்ட சுருள் குறைஞ்சுபோச்சு எண்டு மற்றவ சண்ட பிடிக்கிற..."

உம்மா பேசவில்லை.

"எங்க அவ? வரல்லயா?"

"சுனாமியில மவுத்தாகிட்டா."

அந்த அம்மா அகப்பையை மணலில் குத்தி வைத்தார். "எங்கட மூத்தவனும் அதுலதான் போனவன்" என்றார். அவ்வளவுதான். இரண்டு பேரும் அழவில்லை. பின்னால் ஒரு சின்னப் பிள்ளை பலூனுக்கு அழுதுகொண்டிருந்தது. அவர் ஒரு சுண்டு அள்ளினார். கேட்காமலே இரண்டு சுருள் சுற்றி, இரண்டிலும் பாதி பாதியாகக் கொட்டி, இரண்டையும் உயர்த்திப் பிடித்துச் சரி பார்த்து, ஒன்றுக்குள் இன்னும் ஒரு கை போட்டார். "இது அவக்கு" என்றார். காசு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். உம்மா விடவில்லை. "யாவாரத்துல அப்படிச் செய்யக்கூடாது புள்ள, மழைக்குள்ள நிக்கிறீங்க" என்று இருநூறு ரூபாயைத் தட்டின் கீழே வைத்துவிட்டு வந்தார்.

பாயை விரித்து உட்கார்ந்தோம். ஒரு சுருளை உம்மா தனியாகத் தின்று முடித்தார். ஒன்றொன்றாக உடைத்து, தோலை ஊதி, கடலைப் பார்த்துக்கொண்டு. இரண்டாவது சுருளை என்ன செய்யப்போகிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம். அதை மடியில் வைத்து உரித்து உரித்துப் பேரப்பிள்ளைகளின் கைகளில் போடத் தொடங்கினார். "இது உங்கட சின்ன உம்மம்மாட கச்சான்" என்றார். இருபது வருடத்தில் முதல் தடவையாக, அழாமல், சாச்சியின் கதைகளைச் சொன்னார். சாச்சி மாங்காயைத் திருடித் தின்றது, நார்சாச் சோற்றுக்கு இரண்டு தடவை வரிசையில் நின்று பிடிபட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுக்குச் சாச்சி அன்று வரைக்கும் சுவரில் கூடத் தொங்காத ஒரு பெயர். அன்றைக்கு அவர் மாங்காய் திருடுகிற ஒரு ஆளாக வந்து பாயில் உட்கார்ந்தார்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் பெண்கள் கொடிக்குப் போவார்கள், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பார்கள், வீட்டில் இருக்கிறவர்களுக்குக் கட்டிக்கொள்வார்கள். உட்கார்ந்து சாப்பிடுகிற உம்மாமார் எத்தனை பேர் என்று அன்று எண்ணிப் பார்த்தோம். எங்கள் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஏழு பேர். உட்கார இடம் இல்லை. வெளிச்சம் பள்ளிக்குப் பக்கத்தில் மட்டும். மலசலகூடம் தேடுவதை நினைத்தே பல பேர் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறார்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். கந்தூரிக்குக் கிடாரம் கிடாரமாகச் சோறாக்கி ஊரையே பசியாற்றத் தெரிந்த நமக்கு, பத்துப் பதினைந்து வாங்கும் இரண்டு லைட்டும் பெண்களுக்கென்று ஒரு தற்காலிக மலசலகூடமும் பெரிய வேலையில்லை. இளைஞர்களும் விளையாட்டுக் கழகங்களும் கை கொடுத்தால் ஒரு பின்னேரத்தில் முடியும். எங்கள் வளவிலிருந்து மூன்று வீட்டுப் பங்கு உண்டு.

இன்னும் சில சின்ன விஷயங்கள். கச்சான் கோதைக் கடற்கரையில் போட்டாலும் மண்ணோடு மண்ணாகும். பொலித்தீன் பையும் யோகட் கோப்பையும் ஆகாது, திரும்பக் கொண்டுவாருங்கள். மழைக்குள் நின்று விற்கிறவர்களிடம் இருபது ரூபாய்க்கு வாதாடாதீர்கள். சீனி வருத்தம் உள்ள உம்மாவுக்கு ஒரு விரல் அளவு மஸ்கட் போதும். அந்த விரல் அளவை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகாமல், அங்கேயே, கடை வாசலில், உங்கள் கையால் கொடுங்கள்.

பிறைக் கணக்குப்படி அடுத்த கொடி பத்து நாள் முன்னுக்கு நகர்ந்து வரும், இன்ஷா அல்லாஹ். மாரி மழை இருக்கும். பாயோடு சேர்த்து ஒரு பொலித்தீன் விரிப்பும் எடுத்து வையுங்கள்.